தொட முடியாத கணிப்பொறி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 8085 நுண்செயலிப் பயிற்சிப் பெட்டிகள் சில இருக்கின்றன. மாணவர்கள் ஆணைகளை எண்களாக மாற்றி, ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். ஓர் எண் தவறினால் போதும், விடை வராது. சில வேளைகளில் காட்சித் திரையே உறைந்து நின்றுவிடும். அப்போது மாணவன் என்ன செய்வான்? 'ரீசெட்' பொத்தானை அழுத்துவான். அதற்கும் மசியாவிட்டால் மின் இணைப்பையே பிடுங்கி மறுபடியும் செருகுவான். பெட்டி உயிர் பெற்றுவிடும்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், நாசாவின் வாயேஜர்-1 விண்கலத்திலிருந்து பொருள் விளங்கும்படியான செய்தி வருவது நின்றுபோயிற்று. வானொலி அலை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் ஒன்றும் சுழியும் ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப வந்தனவே தவிர, செய்தி எதுவும் இல்லை. விண்கலம் அப்போது ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரையும் வானொலி அலையே அங்குச் சென்று சேர இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். அங்குப் போய் 'ரீசெட்' பொத்தானை அழுத்துவது யார்? இணைப்பைப் பிடுங்கிச் செருகுவது யார்?

விண்ணில் பறக்கும் கணிப்பொறிகளை உருவாக்குகிறவர்கள் தொடக்க நாள் முதல் விடை தேடிவரும் கேள்வி இதுதான். ஏவிய பிறகு யாராலும் தொட முடியாத ஒரு கருவியை எப்படி நம்பத்தக்கதாக ஆக்குவது? அந்தத் தேடலின் வரலாற்றைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நிலைபொருள் என்றால் என்ன?

மறுபடியும் பயிற்சிப் பெட்டிக்கு வருவோம். மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், மாணவன் செலுத்திய ஆணைகள் எல்லாம் அழிந்துபோயிருக்கும். ஆனால் பெட்டி பொத்தான்களைப் படிக்கவும் திரையில் எண்ணைக் காட்டவும் மறப்பதில்லை. அந்த வேலைக்கான ஆணைத் தொடர், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத தனிச் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்டிருக்கிறது. கருவியோடு ஒட்டிப் பிறந்து, அதை இயக்குவதற்கென்றே எழுதப்பட்ட இத்தகைய ஆணைத் தொடரை நிலைபொருள் என்கிறோம். வன்பொருளைப் போல அது நிலையானது. மென்பொருளைப் போல அது எழுதப்பட்டது.

செயற்கைக்கோளில் இதன் பொறுப்பு பெரியது. சூரியனை நோக்கிப் பலகைகளைத் திருப்ப வேண்டும். மின்கலம் அளவுக்கு மீறி மின்னேற்றம் பெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிழலில் உறைந்துபோகாமல் சூடேற்றிகளை இயக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வானலை வாங்கி எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி வெறும் உலோகத் துண்டு ஆகிவிடும். தரை நிலையத்தின் பார்வையில் இல்லாத நேரத்திலும் இவ்வேலைகள் நடந்தாக வேண்டும்.

கம்பியால் நெய்த ஆணைகள்

முதலில் கண்ட வழி, ஆணைகளை அழிக்கவே முடியாதபடி செய்துவிடுவது. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணிப்பொறியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் வடிவமைத்தது. அதன் ஆணைகள் சிறு சிறு காந்த வளையங்களினூடே செப்புக் கம்பியைக் கோத்துப் 'பின்னப்பட்டன'. கம்பி வளையத்தின் உள்ளே நுழைந்து சென்றால் அது ஒன்று. வெளியே விலகிச் சென்றால் அது சுழி. தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் இக்கம்பிகளைத் தறியில் நெய்வது போலக் கையாலேயே கோத்தார்கள். இந்த நிலையான நினைவகத்தில் 36,864 சொற்கள் அடங்கும். மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில் 2,048 சொற்களே. இங்கே 'சொல்' என்பது பதினாறு இருமஎண்கள், அதாவது பிட்கள் கொண்ட ஒரு தொகுதி.

கதிர்வீச்சோ மின்தடையோ இந்த நெசவைக் குலைக்க முடியாது. ஆனால் நெய்த பிறகு பிழை கண்டால், அதை எளிதில் திருத்தவும் முடியாது. எனவே பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆணைத் தொடரை முடித்தாக வேண்டும். இந்தக் கட்டாயமே பொறியாளர்களை மிகுந்த கவனம் உள்ளவர்களாக ஆக்கியது.

1969 ஜூலை 20. அப்பல்லோ-11 இன் இறங்குகலம் நிலவை நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரெனக் கணிப்பொறி '1202' என்ற எச்சரிக்கையைக் காட்டியது. இறங்கும்போது தேவைப்படாத ஒரு ராடார் கருவியிலிருந்து வீண் துடிப்புகள் வந்து கணிப்பொறியின் நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. செய்ய வேண்டிய வேலைக்கு நேரம் போதவில்லை. ஆனால் அது திகைத்து நின்றுவிடவில்லை. தானே தன்னை மறுபடி தொடங்கிக்கொண்டது. முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டது. கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இவ்வாறு சில நிமிடங்களுக்குள் ஐந்து முறை எச்சரிக்கை வந்தும் கலம் பத்திரமாக இறங்கியது.

வேலைகளுக்கு முன்னுரிமை வரிசை தரும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர் ஹால் லேனிங் என்பவர். விண்கல ஆணைத் தொடர் எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்ட்டன். 'இப்படி நேராது' என்று அவர்கள் இருந்துவிடவில்லை; 'நேர்ந்தால் என்ன செய்வது' என்றும் எழுதி வைத்தார்கள்.

ஒரு துகள், ஒரு பிட்

காந்த வளையங்களின் இடத்தைச் சிலிக்கான் சில்லுகள் பிடித்தபோது புதிய தொல்லை ஒன்று வந்தது. 1975-இல் பிண்டர், ஸ்மித், ஹோல்மன் என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள்களின் மின்சுற்றுகள் சில, காரணமின்றித் தாமாகவே நிலை மாறியிருந்தன. அண்டக் கதிர்களில் உள்ள இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் ஊடுருவிச் சென்றதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

1978-இல் இன்டெல் நிறுவனத்தின் டிமோத்தி மே, முர்ரே உட்ஸ் ஆகியோர், இதே தொல்லை தரையிலும் உண்டு என்று கண்டார்கள். சில்லின் மேலுறையில் இருந்த நுண்ணளவு யுரேனியமும் தோரியமும் ஆல்பாத் துகள்களை வெளியிட்டு, நினைவகத்தின் பிட்களைப் புரட்டிவிட்டன.

ஒரு துகள் எப்படி இதைச் செய்கிறது? சிலிக்கானில் ஓர் எலெக்ட்ரான்-துளை இணையை உண்டாக்க ஏறத்தாழ 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஓர் ஆல்பாத் துகளின் ஆற்றல் 50 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் என்று கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: அது நின்றுபோவதற்குள் ஏறத்தாழ 14 இலட்சம் இணைகளை உண்டாக்கிவிடும்! நினைவகச் சிற்றறை ஒன்றில் 'ஒன்று' அல்லது 'சுழி' என்பதைக் குறிக்கும் மின்னூட்டம் இதைவிடக் குறைவாக இருந்தால், சுழி ஒன்றாகும், ஒன்று சுழியாகும். சில்லுக்குக் காயம் எதுவும் இல்லை. எழுத்து மட்டும் மாறிவிட்டது.

1984-இல் ஏவப்பட்ட, இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய யுஓசாட்-2 என்னும் சிறு செயற்கைக்கோளில், எந்தெந்த இடத்தின் மேல் பறக்கும்போது பிட்கள் புரண்டன என்று வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் தென் அட்லாண்டிக் பகுதியின் மீது திரளாகக் குவிந்தன. பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையம் அங்கேதான் மற்ற இடங்களைவிடத் தாழ்ந்து வருகிறது.

பிழையைத் தானே திருத்தும் எண்கள்

இதற்கான மருந்து முன்பே தயாராக இருந்தது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங், வார விடுமுறை நாள்களில் தம் கணக்குகளைக் கணிப்பொறியிடம் விட்டுச் செல்வார். பிழை ஒன்று நேர்ந்தால் அது அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவருக்கு ஏமாற்றமே. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு, அது எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாதா என்று அவர் எண்ணினார். 1950-இல் அதற்கான வழியை வெளியிட்டார்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். ஏழு கட்டங்கள் வரையுங்கள். 3, 5, 6, 7 ஆகிய கட்டங்களில் நம் செய்தியை எழுதுவோம்: முறையே 1, 0, 1, 1. மற்ற மூன்று கட்டங்களும் காவலர்கள். முதற் காவலன் 1, 3, 5, 7 ஆகிய கட்டங்களையும், இரண்டாமவன் 2, 3, 6, 7 ஆகியவற்றையும், மூன்றாமவன் 4, 5, 6, 7 ஆகியவற்றையும் கவனிப்பான். ஒவ்வொரு குழுவிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி 1, 2, 4 ஆகிய கட்டங்களை நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினால் 0110011 என்று வரும்.

இப்போது அண்டக் கதிர் ஆறாம் கட்டத்தைப் புரட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண் 0110001 ஆகிவிடும். முதற் குழுவில் ஒன்றுகள் இரண்டு, குறையில்லை. இரண்டாம் குழுவில் மூன்று, தவறு. மூன்றாம் குழுவில் ஒன்றே ஒன்று, தவறு. தவறு கண்ட காவலர்களின் கட்ட எண்கள் 2, 4. இரண்டையும் கூட்டினால் 6. பிழை நேர்ந்த கட்டம் அதுவேதான்! அந்தப் பிட்டைத் திருப்பிவிட்டால் செய்தி பழையபடி ஆகிவிடும். வியப்பாக இருக்கிறதல்லவா?

செயற்கைக்கோள் நினைவகத்தில் இந்தச் சோதனை இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் இம்முறை ஒரு சொல்லில் ஒரு பிழையை மட்டுமே திருத்தும். முதற் பிழையைத் துடைக்காமல் விட்டால், இரண்டாவது துகள் வந்து அதே சொல்லைத் தாக்கலாம். அப்போது திருத்தமே தவறாகிவிடும். வீட்டைத் தினமும் பெருக்குவதைப் போல நினைவகத்தையும் சுற்றி வந்து பெருக்க வேண்டும்.

இன்னொரு வழி பெரும்பான்மை வாக்கு. ஒரே மின்சுற்றை மூன்றாக அமைத்து, மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்பது. நம்பகமற்ற உறுப்புகளைக் கொண்டே நம்பகமான பொறி ஒன்றைச் செய்ய முடியும் என்று ஜான் வான் நியூமன் 1956-இல் வெளியான கட்டுரையில் கணித முறையில் காட்டியிருந்தார். சாட்டர்ன்-5 ராக்கெட்டின் கணிப்பொறியில் இந்த மும்மடி முறை பயன்பட்டது.

மாற்றினாலும் ஆபத்து, மாற்றாவிட்டாலும் ஆபத்து

ஆணைகளை மாற்றி எழுதும் வசதி வந்தபோது பெரும் நன்மை கிட்டியது. 1986-இல் வாயேஜர்-2 யுரேனஸ் கோளை அடையும் முன், படங்களைச் சுருக்கி அனுப்பும் புதிய ஆணைத் தொடரைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஏவிய கலம் புதிய திறமை பெற்றது.

ஆனால் அதே வசதி உயிரையும் வாங்கியது. 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கிய வைக்கிங்-1 கலம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1982 நவம்பரில், முதுமையடைந்த மின்கலங்களைப் பேணுவதற்காகப் பூமியிலிருந்து புதிய ஆணைகள் அனுப்பப்பட்டன. அவை, வானலை வாங்கியைப் பூமியை நோக்கித் திருப்புவதற்கான விவரங்கள் இருந்த இடத்தின் மீது எழுதப்பட்டுவிட்டன. வாங்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பின்னர் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை.

சோவியத் நாட்டின் போபோஸ்-1 கலத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. தரையில் சோதனை செய்வதற்காக, கலத்தின் நிலையைக் காக்கும் சிறு உந்துபொறிகளை நிறுத்தும் ஆணைத் தொடர் ஒன்று அதன் அழியாத நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தது. ஏவும் முன் அதை நீக்க வேண்டுமானால் கணிப்பொறியையே மாற்ற வேண்டும், அதற்கு நேரமில்லை. யாரும் அதைக் கூப்பிடப் போவதில்லையே என்று விட்டுவிட்டார்கள். 1988 ஜூலையில் கலம் புறப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் பூமியிலிருந்து சென்ற கட்டளை ஒன்றில் ஓர் எழுத்து தவறியது. தவறிய கட்டளை, உறங்கிக் கிடந்த அந்தத் தொடரை எழுப்பிவிட்டது. உந்துபொறிகள் நின்றன, சூரியப் பலகைகள் சூரியனைவிட்டு விலகின, மின்கலம் தீர்ந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் கலம் மௌனமாகிவிட்டது.

தேவையற்ற ஆணை ஒன்று உள்ளே கிடந்தால், அது என்றாவது இயங்கியே தீரும் என்று எண்ணுவதுதான் அறிவுடைமை.

காவல் கடிகாரம்

பண்டகசாலையின் இரவுக் காவலாளி மணிக்கு ஒரு முறை மணி அடிக்க வேண்டும் என்பது வழக்கம். மணியோசை கேட்காவிட்டால் அவர் தூங்கிவிட்டார் என்று பொருள். யாராவது போய் எழுப்புவார்கள். கணிப்பொறியிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தனியே ஓடும் சிறு கடிகாரம் ஒன்று இறங்குமுகமாக எண்ணிக்கொண்டிருக்கும். ஆணைத் தொடர் ஒழுங்காக ஓடுமானால், அவ்வப்போது அக்கடிகாரத்தை முதல் எண்ணுக்குத் திருப்பிவிடும். தொடர் எங்கேனும் சிக்கிக்கொண்டால் திருப்ப ஆளில்லை. எண்ணிக்கை சுழியைத் தொட்டவுடன் கடிகாரமே கணிப்பொறியை மறுபடி தொடங்கச் செய்துவிடும். ஆங்கிலத்தில் இதை 'வாட்ச்டாக்', அதாவது காவல் நாய், என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவனின் விரல் செய்யும் வேலையை விண்ணில் இது செய்கிறது.

1994 ஜனவரி 25 அன்று அமெரிக்கா ஏவிய கிளமென்டைன் கலம் நிலவை வரைபடமாக்கும் பணியை நன்றாகவே முடித்தது. அடுத்து ஜியோகிராபோஸ் என்ற சிறுகோளுக்குச் செல்ல வேண்டும். மே 7-ஆம் நாள் கணிப்பொறியில் ஏற்பட்ட பிழையால் உந்துபொறி ஒன்று பதினொரு நிமிடம் ஓயாமல் எரிந்தது. எரிபொருள் தீர்ந்தது, கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 சுற்று வீதம் பம்பரமாய்ச் சுழன்றது. சிறுகோள் பயணம் கைவிடப்பட்டது. காவல் கடிகாரத்துக்கான மின்சுற்று அதில் இருந்தும், அதைப் பயன்படுத்தும் ஆணைகள் எழுதப்படவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இரட்டையர் சேர்ந்து விழுந்தனர்

ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்றுதான் கருவிகளை இரண்டிரண்டாக வைக்கிறார்கள். கருவியின் பழுதுக்கு இது நல்ல மருந்து. எழுதியவரின் பிழைக்கு?

1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அரியான்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதில் கிளஸ்டர் எனப்படும் நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள் இருந்தன. ஏறத்தாழ 40 நொடிகளில் எல்லாம் வானிலேயே சிதறிப்போயின.

ராக்கெட்டின் திசையை அளக்கும் கணிப்பொறியில், பழைய அரியான்-4 இல் நன்றாக வேலை செய்த ஆணைத் தொடரை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஆணை ஒன்று இருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேற்பட்ட எண் அடங்காது. படி அளவே உள்ள பாத்திரத்தில் மரக்கால் நெல்லைக் கொட்டுவது போல. அரியான்-4 இன் பாதையில் அந்த எண் சிறியது. அரியான்-5 விரைவாகப் பக்கவாட்டில் சாய்ந்ததால் எண் பெரிதாகிவிட்டது. கணிப்பொறி பிழை என்று கூறி நின்றுவிட்டது. மாற்றுக் கணிப்பொறி? அதுவும் அதே ஆணைத் தொடரை வைத்திருந்ததால், அதே காரணத்துக்காக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் முன்னரே நின்றுவிட்டிருந்தது! நின்றுபோன கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைத் தலைமைக் கணிப்பொறி பறப்பு விவரம் என்று எண்ணி, ராக்கெட்டை முரட்டுத்தனமாகத் திருப்பியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையில்லாதது. ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய இரண்டு மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரே தவறு இருப்பதை ஆசிரியர்கள் அடிக்கடி பார்த்திருக்கிறோம். அங்கு நடந்ததும் அதுவே. கிளஸ்டர் கோள்களை மீண்டும் செய்து 2000-ஆம் ஆண்டில்தான் ஏவ முடிந்தது.

செவ்வாயில் ஒரு சாவிக் குழப்பம்

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், சில நாள்களில் தன்னைத்தானே அடிக்கடி மறுபடி தொடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் கெட்டன.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கள். பீரோச் சாவி கடைநிலை ஊழியரிடம் இருக்கிறது. முதல்வருக்கு அவசரமாகப் பீரோவிலிருந்து ஒரு கோப்பு வேண்டும். ஊழியர் சாவியோடு வருவதற்குள், இடைநிலை எழுத்தர் ஒருவர் அவரை நிறுத்தி நீண்ட வேலை ஒன்றை ஏவிவிடுகிறார். எழுத்தருக்கும் பீரோவுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் முதல்வர் எழுத்தருக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது! பாத்ஃபைண்டரிலும் இதுதான் நடந்தது. வானிலை விவரம் சேர்க்கும் கடைநிலை வேலை சாவியை வைத்திருந்தது. செய்தித் தொடர்பு வேலை இடையில் புகுந்தது. விவரங்களைப் பகிரும் தலைமை வேலை தேங்கியது. தலைமை வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, கணிப்பொறியை மறுபடி தொடங்கச் செய்தது.

இந்த நோய்க்கும் மருந்து முன்பே எழுதப்பட்டிருந்தது. சாவியை வைத்திருப்பவர், அதற்காகக் காத்திருக்கும் முதல்வரின் தகுதியைச் சாவியை ஒப்படைக்கும் வரை பெறுவார் என்பதே விதி. 1990-இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதிய மூவருள் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார், கோவை பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். மற்ற இருவர் லூயி ஷா, ஜான் லெகோஸ்கி.

பூமியில் இருந்த இரட்டைக் கலத்தை மணிக்கணக்கில் ஓட்டி, அதே கோளாறு தோன்றும் வரை பொறியாளர்கள் காத்திருந்தார்கள். தோன்றியபோது காரணம் விளங்கிற்று. மருந்து கலத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதை இயக்கும் அமைப்பு 'வேண்டாம்' என்ற நிலையில் விடப்பட்டிருந்தது. அதை 'வேண்டும்' என்று மாற்றியதும் நோய் தீர்ந்தது. ஏவும் முன் நடந்த சோதனைகளிலும் ஓரிரு முறை இத்தகைய மறுதொடக்கம் தென்பட்டிருந்தது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அப்போது அதன் காரணம் பிடிபடவில்லை, மீண்டும் வரவுமில்லை. மீண்டும் வராத பிழை, தீர்ந்துபோன பிழை ஆகிவிடாது.

மறுபடியும் வாயேஜர்

வாயேஜரில் மூன்று வகைக் கணிப்பொறிகள் உண்டு. மூன்றின் நினைவகத்தையும் சேர்த்தாலும் சுமார் 70 கிலோபைட்டே. கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட அது போதாது. இவற்றுள் கருவிகள் தரும் விவரங்களைத் தொகுத்து அனுப்புவது பறப்பு விவரக் கணிப்பொறி.

2010 ஏப்ரலில் வாயேஜர்-2 இன் இதே கணிப்பொறி ஒரு முறை தடுமாறியது. நினைவகம் முழுவதையும் பூமிக்கு வரவழைத்துச் சரிபார்த்தபோது, சுழியாக இருக்க வேண்டிய ஒரே ஒரு பிட் ஒன்றாக மாறியிருந்தது. அதைத் திருப்பி எழுதியவுடன் மே மாதத்தில் கலம் பழையபடி பேசிற்று.

வாயேஜர்-1 இன் நோய் அதைவிடக் கடுமையானது. 2024 மார்ச் 1 அன்று, கணிப்பொறியின் ஆணை ஓட்டத்தை வேறு வழியில் திருப்பிப் பார்க்கும் கட்டளை ஒன்றை அனுப்பினார்கள். மார்ச் 3-ஆம் நாள் வந்த அலையில் மாறுதல் தெரிந்தது. அதைப் பிரித்துப் படித்ததில், கணிப்பொறியின் நினைவகப் படி முழுவதும் அதில் இருந்தது! பழைய படியோடு ஒப்பிட்டதும் நோயின் இடம் தெரிந்தது. ஒரு சில்லு செயலிழந்து, நினைவகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு கெட்டிருந்தது.

சில்லை மாற்ற முடியாது. அதிலிருந்த ஆணைகளை வேறிடத்தில் எழுதலாமென்றால், அவை முழுவதும் அடங்கும் வெற்றிடம் எங்கும் இல்லை. ஆகவே ஆணைத் தொடரைத் துண்டுகளாக்கி, நினைவகத்தில் கிடைத்த சிறு சிறு இடங்களில் பிரித்து வைத்தார்கள். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு இருக்குமிடத்துக்குச் சரியாகத் தாவ வேண்டும். மற்ற ஆணைகளில் இருந்த பழைய முகவரிகளையெல்லாம் மாற்ற வேண்டும். இவ்வளவையும், அரை நூற்றாண்டுக்கு முன் வேறு ஒரு தலைமுறை எழுதி வைத்த தாள்களைப் படித்துச் செய்ய வேண்டியிருந்தது.

ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு அனுப்பப்பட்டது. போக இருபத்திரண்டரை மணி. வர இருபத்திரண்டரை மணி. ஏப்ரல் 20-ஆம் நாள், ஐந்து மாத மௌனத்துக்குப் பின், வாயேஜர்-1 தன் உடல்நிலையை விளங்கும் மொழியில் சொன்னது. ஜூன் மாதத்தில் அதன் நான்கு அறிவியல் கருவிகளும் மீண்டும் செய்தி அனுப்பின.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இவ்வளவு கதைகளையும் ஒரு சேரப் பார்த்தால், நம்பகம் என்பதன் பொருள் தெளிவாகிறது. பிழையே நேராத கருவி என்று ஒன்று இல்லை. துகள் தாக்கும், சில்லு கெடும், எழுதியவர் தவறுவார், கட்டளை அனுப்புபவர் ஓர் எழுத்தை விட்டுவிடுவார். நேர்ந்த பிழையைக் கண்டுகொள்ளும் வழி, உயிர்நாடியான வேலையை மட்டும் காக்கும் வழி, பூமியிலிருந்து மீண்டும் கற்பிக்கும் வழி ஆகிய மூன்றும் திறந்திருந்தால் கலம் பிழைக்கும். அப்பல்லோவும் பாத்ஃபைண்டரும் வாயேஜரும் பிழைத்தது இப்படித்தான்.

இந்த ஆண்டும் என் மாணவர்கள் பயிற்சிப் பெட்டியின் முன் அமர்ந்தபோது ஒரு சிறு நிபந்தனை விதித்தேன். ஒரு மணி நேரத்துக்கு 'ரீசெட்' பொத்தானைத் தொடக் கூடாது. ஆணைகளை எழுதிய தாளை இன்னொருவர் படித்துச் சரிபார்த்த பிறகே செலுத்த வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு தாள்கள் மேசைக்கு மேசை கைமாறின. நீங்களும் செய்து பாருங்கள். இருபது வரி ஆணைகளைப் பொத்தான் இன்றிச் சரியாக ஓட்டிவிட்டால், வாயேஜரின் பொறியாளர்கள் அந்த ஐந்து மாதங்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பது உங்களுக்குச் சிறிது விளங்கும்.